டிவிக்கென்றே எடுத்த பழைய பேய்ப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகவே எடுக்கப்பட்ட திகில் படங்களுக்கு இன்றும் புதிதாக ரசிகர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. இதே வகையில் வரும் சில பிரிட்டிஷ் படங்களும் உண்டு. முடிவைச் சொல்ல வேண்டிய இடங்களில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

டிவிக்குன்னே எடுத்த படம்னா என்ன? தியேட்டர்ல ஓடினதை அப்புறம் டிவில போடறதுதானே?

இல்லை. ஒரு சேனல் பணம் கொடுத்து, குறிப்பிட்ட ஓர் இரவில் ஒளிபரப்புவதற்காகவே எடுக்கச் சொன்ன முழுநீளப் படம் இது. தியேட்டர் பக்கமே போகாது. தொடரும் கிடையாது; அன்றிரவே கதை தொடங்கி அன்றிரவே முடிந்துவிடும். அமெரிக்காவில் என்பிசி சேனல் 1964-இல் இந்த வழக்கத்தைத் தொடங்கியது. தியேட்டர் படங்களின் ஒளிபரப்பு உரிமைக்குப் பெரிய ஸ்டுடியோக்கள் கேட்ட விலை ஏறிக்கொண்டே போனதால், சொந்தமாக எடுத்துக்கொள்வது சேனலுக்குக் கட்டுப்படியானது.

1969 செப்டம்பரில் ஏபிசி சேனல் 'மூவி ஆஃப் தி வீக்' என்று வாரம் ஒரு புதுப் படம் போட ஆரம்பித்த பிறகுதான் இது பெரிய தொழிலாக மாறியது. முதலில் செவ்வாய்க்கிழமை மட்டும்; பிறகு வார இறுதியும் புதன்கிழமையும் சேர்ந்துகொண்டன. அதில் துப்பறிதல், காதல், நோய்வாய்ப்பட்டவர் கதை என்று எல்லாமே வந்தன. ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் ஜனங்கள் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் பேய்ப் படங்களைத்தான்.

எந்தப் படத்தை எடுத்தாலும் 73, 74 நிமிஷத்துல முடிஞ்சிடுதே. பாதி வெட்டிட்டாங்களா?

வெட்டவில்லை, அதுதான் முழுப்படம். சேனல் ஒதுக்கியது 90 நிமிடம். விளம்பரமும் அறிவிப்புகளும் போக மிஞ்சுவது 73 முதல் 75 நிமிடம். படப்பிடிப்பும் அதே கஞ்சத்தனத்தோடுதான் நடக்கும்: பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒரே வீடு, ஆறேழு நடிகர்கள், ஒரு சின்ன ஊர் என்று கதைகள் சுருங்கியிருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

திரைக்கதையும் விளம்பர இடைவேளைகளை வைத்தே எழுதப்படும். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் ஒரு கதவு திறக்கும், ஒரு போன் அடிக்கும், அல்லது யாராவது அலறுவார்கள். உடனே திரை இருண்டுவிடும். டிஸ்கில் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு வினாடி கறுப்புத் திரை வந்தால் பிரதி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு காலத்தில் சோப்பு விளம்பரம் இருந்தது.

இந்த வகைப் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. எதுல ஆரம்பிக்கறது?

முதலில் 'டூயல்' (1971). அடுத்து 'தி நைட் ஸ்டாக்கர்' (1972), 'டோண்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் த டார்க்' (1973), 'ட்ரைலஜி ஆஃப் டெரர்' (1975) என்று போங்கள். நான்கும் ஏபிசி படங்கள், நான்கும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிபவை. இவை பிடித்திருந்தால் 'டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்க்ரோ' (1981, சிபிஎஸ் சேனல்) பாருங்கள். அதன்பிறகு மூன்று மணி நேரம் ஓடும் 'சேலம்ஸ் லாட்' (1979, சிபிஎஸ்).

'சேலம்ஸ் லாட்' பேர் கேட்டுவிட்டு நேராக அதற்குப் போகிறவர்கள் பலர். முதல் ஒரு மணி நேரம் ஊர்க்காரர்களின் வம்புதும்பிலேயே போவதால் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காலத்து நிதானத்துக்குக் கண் பழகிய பிறகு பார்ப்பதே நல்லது.

'டூயல்'ல பேயே இல்லையே, அதை ஏன் பேய்ப் படம்னு சொல்றீங்க?

பேய் இல்லைதான். ஒரு சேல்ஸ்மேன் சிவப்பு பிளிமத் வேலியன்ட் காரில் கலிபோர்னியாவின் வறண்ட மலைச்சாலையில் போகிறார். துருப்பிடித்த ஒரு டேங்கர் லாரியை ஓவர்டேக் செய்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அதன்பின் அந்த லாரி அவரைக் கொல்லாமல் விடுவதில்லை என்று துரத்துகிறது. டிரைவரின் கை தெரியும், பூட்ஸ் தெரியும். முகம் கடைசிவரை தெரியாது. லாரியின் முன் பம்பரில் பல மாநில நம்பர் பிளேட்டுகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. புரிந்துகொள்கிறவருக்கு வயிறு கலங்கும்.

எழுதியவர் ரிச்சர்ட் மேத்தசன். 1963-இல் கென்னடி சுடப்பட்ட அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு லாரி அவர் காரை ஒட்டிக்கொண்டே விரட்டியது. கதையின் விதை அதுதான். இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். பல லாரிகளை நிறுத்திப் பார்த்துவிட்டு, முன்பக்கம் பார்க்க முகம் மாதிரி இருந்ததால் 1955 மாடல் பீட்டர்பில்ட்டைத் தேர்ந்தெடுத்தார். இரட்டைக் கண்ணாடி கண்ணாகவும் நீண்ட பானெட் மூக்காகவும் தெரியும். அதன்மேல் எண்ணெயும் அழுக்கும் செத்த பூச்சிகளும் பூசினார்கள். மேக்கப் போட்ட வில்லன் என்றால் அந்த லாரிதான்.

'டூயல்' 74 நிமிஷம்னு ஒருத்தர் சொல்றார், 90 நிமிஷம்னு இன்னொருத்தர். எது ஒரிஜினல்?

1971 நவம்பர் 13 அன்று ஒளிபரப்பானது 74 நிமிடப் படம். அது நன்றாகப் போனதும், வெளிநாட்டுத் தியேட்டர்களில் ஓட்ட யுனிவர்சல் ஸ்டுடியோ ஆசைப்பட்டது. 74 நிமிடப் படத்தைத் தியேட்டரில் போட முடியாது என்பதால் மறுபடியும் படப்பிடிப்பு நடத்தி 90 நிமிடமாக நீட்டினார்கள். தொடக்கத்தில் கார் ஷெட்டிலிருந்து கிளம்பி நகரத்தைத் தாண்டும் காட்சி, மனைவியோடு போனில் பேசுவது, நின்றுபோன பள்ளிப் பேருந்து, ரயில்வே கேட்டில் லாரி பின்னாலிருந்து தள்ளுவது எல்லாம் அப்போது சேர்ந்தவை.

டிஸ்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 90 நிமிடப் படம்தான். ரயில்வே கேட் காட்சி அருமை. அதற்காகவே நீண்ட பிரதியைப் பார்க்கலாம். மனைவியோடு பேசும் காட்சி தேவையில்லாதது. அவர் யார், வீட்டில் என்ன சண்டை என்று தெரியாமல் இருக்கும்போதுதான் நடுரோட்டில் மாட்டிக்கொண்ட உணர்வு முழுசாக இருக்கிறது.

ரத்தமே காட்டாம எப்படிப் பயமுறுத்தினாங்க?

காட்ட முடியாது என்பதால்தான் வேறு வழி தேடினார்கள். ஒவ்வொரு சேனலிலும் ஒழுங்குமுறைப் பிரிவு ஒன்று உண்டு. திரைக்கதை நிலையிலேயே படித்து இதை எடு, அதைக் குறை என்று குறிப்பு அனுப்புவார்கள். வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு பார்ப்பது என்பதால் காயம், ரத்தம், உடல் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு.

அதனால் ஒலியின் பங்கு பெரிதானது: கிசுகிசுப்பு, காலடி, மரப்படி கிரீச்சிடுவது. அடுத்தது எதிர்வினை. கொலையைக் காட்டாமல் அதைப் பார்த்தவரின் முகத்தைக் காட்டிவிட்டு இருட்டாக்கி விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். மூன்றாவதாக, முடிவில் கொடுமை. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ரத்தத்தைத் தடுத்தவர்கள் இருண்ட முடிவுகளை அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. இந்தக் காலப் படங்களில் நல்லவர்கள் தோற்பது சர்வ சாதாரணம்.

'நைட் ஸ்டாக்கர்' ஒரு சாதாரண ரத்தக்காட்டேரி கதைதானே? ஏன் இவ்வளவு பேச்சு?

கோட்டையும் குதிரை வண்டியும் இல்லாமல், காட்டேரியை 1970-களின் லாஸ் வேகஸ் நகரத்தில் இறக்கிவிட்டார்கள். அதைத் துரத்துகிறவர் வேலைக்கு மேல் வேலை பறிபோன கார்ல் கோல்சாக் என்ற பத்திரிகை நிருபர். கசங்கிய கோட், வைக்கோல் தொப்பி, கையில் டேப் ரெக்கார்டர். டேரன் மெக்காவின் நடித்தார். காட்டேரியைவிட அவருக்குப் பெரிய தொல்லை போலீஸ், மாவட்ட வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர் ஆகியோர்தான். மாலை மரியாதை எதிர்பார்த்து நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

ஜெஃப் ரைஸ் எழுதி, அப்போது அச்சாகாமல் இருந்த நாவலிலிருந்து திரைக்கதை எழுதியவர் மேத்தசன். தயாரிப்பு டான் கர்ட்டிஸ், இயக்கம் ஜான் லெவெலின் மாக்ஸி. 1972 ஜனவரி 11 அன்று ஒளிபரப்பானபோது ரேட்டிங் 33.2, ஷேர் 54. அதாவது டிவி வைத்திருந்த வீடுகளில் மூன்றில் ஒன்று இதைப் பார்த்தது. அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் பாதிக்கு மேல். டிவிக்கென்று எடுத்த படங்களில் அதுவரை இதுதான் உச்சம். மறு வருடம் சியாட்டிலில் நடக்கும் 'தி நைட் ஸ்ட்ராங்க்லர்' வந்தது. பிறகு 1974–75-இல் 20 அத்தியாயத் தொடர். 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் தனக்கு உந்துதல் கோல்சாக்தான் என்று சொன்னதோடு, மெக்காவினை அழைத்து அதில் நடிக்கவும் வைத்தார்.

கத்தி வெச்சுக்கிட்டு ஒரு பொம்மை துரத்துமே, அது எந்தப் படம்? மத்த ரெண்டு கதை யாருக்குமே ஞாபகம் இல்லையே, ஏன்?

'ட்ரைலஜி ஆஃப் டெரர்', ஒளிபரப்பு 1975 மார்ச் 4, இயக்கம் டான் கர்ட்டிஸ். மூன்று குறுங்கதைகள், மூன்றிலும் கேரன் பிளாக்தான் நாயகி, இரண்டாவதில் அக்கா தங்கை இருவருமே அவர்தான். முதல் இரண்டு கதைகளின் திருப்பத்தை இன்றைய ரசிகர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். மூன்றாவதில் திருப்பம் தேவையே இல்லை. ஒரு பெண், ஒரு ஃபிளாட், ஒரு மரப்பொம்மை. பூர்வகுடி வேட்டைக்காரன் உருவம், வாய் நிறையக் கூர்ப்பல், கையில் குட்டி ஈட்டி. இடுப்பில் இருக்கும் தங்கச் சங்கிலி கழன்றால் உள்ளே இருக்கும் ஆவி விழித்துக்கொள்ளும் என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கும். சங்கிலி கழன்று விழுகிறது.

அதை எடுத்த விதத்தைக் கவனியுங்கள். பொம்மை முழுதாக ஓடுவதை வெகு குறைவாகத்தான் காட்டுகிறார்கள். கேமராவைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஓடுகிறார்கள். சோபாவின் கால்களுக்கு நடுவே அவள் கணுக்கால் தெரிகிறது. கூடவே அந்தக் காட்டுக்கூச்சல். கதவுக்கு அடியில் கத்தி மட்டும் உள்ளே வந்து துழாவுவது, சூட்கேஸில் அடைத்த பிறகு உள்ளிருந்து தோலை அறுத்துக்கொண்டு வருவது எல்லாம் கையால் ஆட்டிய எளிய வேலைகள்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வெறும் பொம்மை என்று தெரிந்துவிடும். நிறுத்தாமல் பாருங்கள்.

வீட்டுக்குள்ள குட்டிக் குட்டி உருவங்கள் ஒரு பெண்ணோட பேரைக் கிசுகிசுக்குமே? அதுவும் பொம்மையா?

அது 'டோண்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் த டார்க்'. பாட்டி விட்டுப்போன பழைய வீட்டுக்கு இளம் தம்பதி குடிவருகிறார்கள். செங்கல் வைத்து அடைத்த கணப்பு, அதன் பக்கத்தில் போல்ட் போட்டு முறுக்கிய ஒரு சின்ன இரும்புக் கதவு. திறக்காதே என்று வீட்டைப் பழுதுபார்க்க வந்தவர் சொல்கிறார். மனைவி திறந்துவிடுகிறாள். முந்தைய பதிலில் வந்த பொம்மை போல இல்லை இது; உரோம உடையும் சுருங்கிய முகமூடியும் அணிந்த குள்ளமான நடிகர்கள். அவர்களைச் சுற்றி அலமாரி, படிக்கட்டு, கைப்பிடி எல்லாவற்றையும் பல மடங்கு பெரிதாகச் செய்து வைத்து எடுத்தார்கள். அதனால்தான் அவற்றின் அசைவு அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

அந்த உருவங்களுக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே எல்லாச் சண்டையும் விளக்கு ஸ்விட்சைச் சுற்றித்தான். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டுச் சவரக் கத்தியோடு அவை வரும் காட்சி ஒரு சின்ன வகுப்புப் பாடம்: பார்க்கிறவருக்கு எது எங்கே இருக்கிறது என்று முன்பே காட்டிவிட்டுப் பிறகு இருட்டாக்குகிறார்கள். (இனி முடிவு: படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டலாம்.) அவளை அவை இழுத்துப் போய்விடுகின்றன. கடைசியில் கிசுகிசுக்கும் குரல்களில் அவள் குரலும் இருக்கிறது. 74 நிமிடத்தில், விளம்பரத்துக்கு நடுவில், இதை எந்த ஆறுதலும் சொல்லாமல் முடித்திருக்கிறார்கள்.

பேரே ஞாபகம் இல்ல, ஒரே ஒரு காட்சி மட்டும் ஞாபகம் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறது?

நீங்கள் பார்த்த வருடத்தை நம்ப வேண்டாம். இவை பல வருடங்கள் பின்னிரவில் மறுஒளிபரப்பாகின. கதையைச் சொல்லித் தேடுவதைவிட ஒரு பொருளைச் சொல்லித் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். அடிக்கடி கேட்கப்படுபவை இவை:

சுவருக்குள் ஒளிந்து வாழும் பையன், வெளியே புதுக் குடும்பம் குடியிருக்கிறது என்றால் 'பேட் ரானல்ட்' (1974). மழைக்கோட்டும் வைக்கோல் வாரும் கவையும் வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வந்த சகோதரிகளைக் கொல்வது 'ஹோம் ஃபார் தி ஹாலிடேஸ்' (1972). பனி ஆராய்ச்சி நிலையம், குரங்குகள், ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் இரண்டு விஞ்ஞானிகள் என்றால் 'எ கோல்ட் நைட்ஸ் டெத்' (1973). தானே ஓடும் புல்டோசர் 'கில்டோசர்' (1974). விமானத்தில் ஏற்றிய பழங்காலக் கற்களால் வரும் கேடு 'தி ஹாரர் அட் 37,000 ஃபீட்' (1973). சோளக்கொல்லை பொம்மை உடைக்குள் ஒளிந்த அப்பாவியை நாலு பேர் சுட்டுக் கொன்றுவிட்டுப் பின்னால் ஒவ்வொருவராக மாட்டுவது 'டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்க்ரோ'. பாலைவனம், கொம்பும் சிறகும் முளைத்த பல்லி மனிதர்கள் என்றால் 'கார்காயில்ஸ்' (1972). அந்த மேக்கப் அமெரிக்க டிவிக்கான எம்மி விருது வாங்கியது. வாங்கியவர்களில் ஒருவர் ஸ்டான் வின்ஸ்டன். பிறகு 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களைச் செய்தவரும் அவரே.

எதுவும் பொருந்தவில்லையா? இரண்டு படங்களைக் கலந்து ஞாபகம் வைத்திருக்கலாம். கூர்ப்பல் பொம்மையும் கணப்புக்குள் வாழும் உருவங்களும்தான் அதிகம் கலந்துபோகிறவை.

'சேலம்ஸ் லாட்'ல செத்துப்போன பையன் ஜன்னலுக்கு வெளிய மிதந்து வருவானே, அதை எப்படி எடுத்தாங்க?

கயிற்றில் தொங்கவிட்டால் உடம்பு ஊசலாடும், ஆள் தொங்குகிறான் என்று தெரிந்துவிடும். அதனால் பையனை கிரேன் கையில் பொருத்தினார்கள். காட்சியை முன்னுக்குப் பின்னாக எடுத்துத் திருப்பி ஓட்டினார்கள். ஜன்னல் பக்கத்தில் புகையைப் பாருங்கள்: பரவ வேண்டிய புகை உள்ளுக்குள் சுருண்டு போகும். ஏதோ சரியில்லை என்று மனசுக்குத் தோன்றும், என்னவென்று சட்டெனச் சொல்ல முடியாது. பளபளக்கும் கண்கள் காண்டாக்ட் லென்ஸ். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டும் சத்தம்தான் மீதி வேலையைச் செய்கிறது.

இயக்கியவர் டோபி ஹூப்பர். ஸ்டீபன் கிங்கின் 1975 நாவல். நாவலில் காட்டேரி பார்லோ நன்றாகப் பேசுவார். படத்தில் அவரைப் பேச்சே இல்லாத, வழுக்கைத் தலையும் எலிப்பல்லும் கொண்ட உருவமாக மாற்றினார்கள். பேசுகிற வேலை முழுவதையும் உதவியாளராக வரும் ஜேம்ஸ் மேசன் பார்த்துக்கொள்கிறார். நாவல் பிரியர்கள் இந்த மாற்றத்தை இன்னும் திட்டுகிறார்கள். ஆனால் ஜெயில் அறையில் அந்த முகம் திடீரென்று எழும்பும்போது, மாற்றியது நல்லதுதான் என்று தோன்றும்.

நீளம் பற்றி: 1979 நவம்பர் 17, 24 தேதிகளில் இரண்டு பாகமாக வந்தது சுமார் 183 நிமிடம். ஐரோப்பியத் தியேட்டர்களுக்காக 112 நிமிடமாகச் சுருக்கிய பிரதியும் உண்டு. அதில் வன்முறை கொஞ்சம் கூடுதல், கதை ரொம்பக் குறைவு. வாங்கும்போது அட்டையில் நிமிடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்கிட்ட இருக்கற பிரதி 71 நிமிஷம்தான் ஓடுது. மூணு நிமிஷம் எங்க போச்சு?

பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. படம் வினாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்பட்டது. ஐரோப்பாவின் பால் (PAL) முறை டிவியில் வினாடிக்கு 25. ஐரோப்பிய டிஸ்குகளில் அதே படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 74-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 71. அதேபோல் 183 நிமிடம் 176 ஆகும். குரல்கள் லேசாக உச்சத்தில் ஒலித்தால் இதுதான் காரணம்.

இந்தக் கணக்குக்கு ஒத்து வராமல் இன்னும் குறைந்தால்தான் நிஜமாகவே வெட்டு. மறுஒளிபரப்பில் கூடுதல் விளம்பரத்துக்காக உள்ளூர் நிலையங்கள் வெட்டிய பிரதிகள் வீடியோ டேப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கறுப்புத் திரை வரும் இடங்களை வைத்து வெட்டைப் பிடிக்கலாம் (இரண்டாம் கேள்வி). இசை நடுவில் தடுக்கினால் அங்கே கத்தரி பட்டிருக்கிறது.

டிவில போட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருது. சரி பண்ணலாமா?

செய்யாதீர்கள். பழைய டிவித் திரையின் 4:3 அளவுக்கென்று எடுத்தவை இவை. திரை முழுக்க இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஜூம் செய்தால் மேலும் கீழும் கால்வாசி போய்விடும். பொம்மைப் படத்தில் தரையோடு எடுத்த காட்சிகளுக்கு அது பெரிய நஷ்டம். டிவி அமைப்பில் படத்தின் அளவை 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

பிரிட்டிஷ் படங்கள் மட்டும் ஏன் நாடகம் மாதிரி இருக்கு?

ஃபிலிமில் எடுக்காமல் ஸ்டுடியோவில் வீடியோ டேப்பில் எடுத்ததால். பிபிசியில் அது வழக்கம். 1972 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி 2-இல் வந்த 'தி ஸ்டோன் டேப்' அப்படிப்பட்டது. நைஜல் நீல் எழுதியது, பீட்டர் சாஸ்டி இயக்கம். ஒரு மின்னணு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழு பழைய மாளிகை ஒன்றில் ஒரு பெண்ணின் அலறலைக் கேட்கிறது. அது பேயா, கல் பதிவு செய்து வைத்த பழைய ஒலியா? பேயை டேப் ரெக்கார்டராகப் பயன்படுத்த முடியுமா என்று அவர்கள் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். கல்லில் பழைய நிகழ்ச்சிகள் பதிந்திருக்கும் என்ற கருத்துக்குப் பேய் ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் படத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஃபிலிமில் எடுத்ததும் உண்டு. 1989 டிசம்பர் 24 அன்று ஐடிவியில் வந்த 'தி உமன் இன் பிளாக்', சூசன் ஹில் நாவலிலிருந்து நீல் எழுதியது. அதில் படுக்கையறைக் காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் பாவம்.

'கோஸ்ட்வாட்ச்' நிஜமாவே லைவா ஓடினதா?

இல்லை. எழுதி, நடித்து, பல வாரம் முன்பே பதிவு செய்தது. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி 1-இல் நேரலை போல ஒளிபரப்பினார்கள். எழுதியவர் ஸ்டீபன் வோல்க், இயக்கம் லெஸ்லி மேனிங். ஆனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நடத்தியவர் நாடே நம்பிய பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன். பேய் வீட்டிலிருந்து பேசியவர் குழந்தைகள் நிகழ்ச்சிகளால் வீட்டுக்கு வீடு தெரிந்த சாரா கிரீன். திரையில் காட்டிய போன் எண்ணும் பிபிசியின் நிஜ எண். அழைத்தால் இது கற்பனை என்று சொல்லும் ஏற்பாடு இருந்தது. அழைப்புகள் குவிந்து லைன் கிடைக்காமல் போனதால், பலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. பயம் இன்னும் ஏறியது.

பேயைத் தேடுகிறவர்கள் முதல் முறை படுக்கையறைத் திரைச்சீலைப் பக்கம் கண் வையுங்கள். பிறகு அதே காட்சியை ஸ்டுடியோவில் திரும்பப் போடுவார்கள். முதலில் பார்த்ததும் திரும்பப் பார்ப்பதும் ஒன்றல்ல. பார்க்கிறவரைத் தன் கண்ணையே சந்தேகிக்க வைக்கும் தந்திரம் அது. ஒளிபரப்புக்குப் பிறகு புகார்கள் குவிந்தன. பயந்துபோன பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையே வந்தது. பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவில்லை, டிஸ்கில் கிடைக்கிறது.

இந்தியாவுல இதோட பாதிப்பு ஏதாவது உண்டா?

நேரடியாக ஒன்று உண்டு. ஏபிசி 1990 நவம்பரில் இரண்டு இரவுகளாகப் போட்ட 'இட்', டிம் கரி கோமாளியாக வந்தது. அதைத் தழுவி ஜீ டிவி 1998-இல் 'வோ' என்ற இந்தித் தொடரை எடுத்தது. கோமாளியாக நடித்தவர் லில்லிபுட். 'இட்' படத்தின் முதல் பாதியில் குழந்தைகள் வரும் பகுதி இன்றும் நிற்கிறது. கடைசியில் வரும் சிலந்தி அன்றைக்கே சிரிப்பை வரவழைத்தது.

டிஸ்க் வாங்கலாம்னு பார்க்கறேன். எதைக் கவனிக்கணும்?

மூன்று விஷயம். ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டு: அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்திய பிளேயர் ரீஜன் 5, புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது. அடுத்து, வார்னர் ஆர்க்கைவ் டிவிடிகளான 'டோண்ட் பி அஃப்ரெய்ட்', 'பேட் ரானல்ட்' போன்றவை ஆர்டருக்கு எரித்துக் கொடுக்கும் டிவிடி-ஆர். சில பழைய பிளேயர்கள் அதைப் படிக்காது. கடைசியாக நீளம், மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பல படங்கள் இன்னும் ஒழுங்காக வெளிவராமல் கிடக்கின்றன. எடுத்த கம்பெனி மூடப்பட்டு, உரிமை கை மாறிக் கை மாறி யாரிடம் இருக்கிறது என்பதே சிக்கலாகிவிட்டது. அப்படிப்பட்ட படங்களுக்கு மங்கிய வீடியோ டேப் நகல்தான் கதி.

வீட்டுல பத்து வயசுப் பையன் இருக்கான். அவனோட சேர்ந்து பார்க்கலாமா?

ரத்தம் இல்லை என்பதால் எல்லாம் குழந்தைகளுக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'டூயல்' தாராளமாகப் பார்க்கலாம், பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 'நைட் ஸ்டாக்கர்' பரவாயில்லை. 'ட்ரைலஜி' படத்தில் முதல் கதை மயக்க மருந்து கொடுத்து மிரட்டுவதைப் பற்றியது. அதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போய்விடுங்கள். 'ஸ்கேர்க்ரோ' படத்தில் மனவளர்ச்சி குன்றியவரைக் கொல்கிறார்கள், பார்க்கக் கனமாக இருக்கும். விளக்கை அணைத்தால் தூங்காத பிள்ளைக்கு 'டோண்ட் பி அஃப்ரெய்ட்' போட்டுக் காட்டினால், அன்றிரவு உங்களுக்கும் தூக்கம் கிடையாது.